இரவு 11 மணிக்கும் கைகொடுக்கிற விழிப்புணர்வு

கேள்வி: நான் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மாணவர் நலக் குழுவில் போட்டு, மது விழிப்புணர்வு நிகழ்ச்சியை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். போஸ்டர் போட்டி, ஒரு மருத்துவர் பேச்சு, உறுதிமொழி என்று வழக்கம்போல முடித்துவிடலாம். ஆனால் அதனால் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அளவு, பாதுகாப்பு என்று பேசப்போனால் "குடிக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. எப்படிச் செய்யலாம்?

பதில்:

போஸ்டர் போட்டி நடத்துவதில் தப்பில்லை. நன்றாக வரைகிற நாலு பேருக்குப் பரிசு கிடைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

மாணவர் ஆலோசனை வேலையில் பல வருடம் இருந்தவன் நான். எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் எனக்கு ஒரே சோதனைதான். பகலில் அரங்கத்தில் நான் சொல்கிற விஷயம், இரவு 11 மணிக்கு, பாட்டு அலறுகிற ஓர் அறையில் டம்ளரோடு நிற்கிற 19 வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ ஏதாவது உதவி செய்யுமா? உதவாது என்றால் அதைச் சொல்லி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

இந்தச் சோதனையில் முதலில் அடிபடுவது பயமுறுத்தல். ஒருமுறை நான் ஏற்பாடு செய்த கூட்டத்துக்கு வந்த பேச்சாளர், சுருங்கிப்போன கல்லீரல் ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அரங்கமே அமைதியானது. சரி, வேலை செய்கிறது என்று நினைத்தேன். கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் அந்த ஜாடியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 50 வயதில் வரப்போகிற நோய் 19 வயதுக்காரனுக்கு வேறு யாரோ ஒருவருடைய நோய். போதையில் இருப்பது போலப் பார்வையைக் குழப்புகிற கண்ணாடி ஒன்று விற்கிறது. அதைப் போட்டுக்கொண்டு கோட்டில் நடக்கச் சொன்னால் விளையாட்டாகத்தான் போய் முடியும். பெரிய அளவில் நடந்த முயற்சிகளின் கதையும் இதுதான். 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து போதைப்பொருள் வேண்டாம் என்று பாடம் நடத்தினார்கள். பிள்ளைகளின் பழக்கத்தில் அது சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை என்றுதான் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் சொல்லின.

"குடிக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். அதற்கான பதிலைப் பேச்சின் முதல் ஐந்து நிமிடத்திலேயே வைத்துவிடுங்கள். உங்கள் ஊர்ச் சட்டப்படி எந்த வயதுக்குக் கீழே குடிக்கக்கூடாது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அடுத்து உலக சுகாதார நிறுவனத்தின் நிலை: உடல்நலத்துக்குக் கெடுதல் இல்லாத மது அளவு என்று எதுவும் கிடையாது என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது அதற்கும் வெகு முன்னால், 1988-லேயே முடிவான விஷயம். 'கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது' என்ற பழைய பேச்சும் இப்போது நிற்பதில்லை. உடம்பு கெட்டுப்போய்க் குடியை நிறுத்தியவர்களையும், அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டிய ஆய்வுகள் பலவற்றில் 'குடிக்காதவர்கள்' கணக்கில் சேர்த்திருந்தார்கள். ஒப்பிடும்போது, கொஞ்சமாகக் குடிப்பவர்கள் ஆரோக்கியமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. குடிக்காமல் இருப்பதுதான் உடம்புக்கு நல்லது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், பிறகு அளவைப் பற்றிப் பேசும்போது உங்கள்மேல் யாரும் பழிபோட முடியாது.

இனி அளவு. நான் அதிக நேரம் கொடுப்பது இதற்குத்தான்.

வேதியியல் ஆய்வகத்திலிருந்து ஓர் அளவு உருளை வாங்கி வாருங்கள். ஒரு பெரிய பாட்டிலில் வண்ணத் தண்ணீர், விருந்துகளில் புழங்குகிற அதே அகலமான பிளாஸ்டிக் டம்ளர்கள், அவ்வளவுதான் தேவை. ஒருவரை மேடைக்கு அழைத்து "ஒரு ஸ்மால், 30 மில்லி, ஊற்று" என்று சொல்லுங்கள். நான் நடத்திய ஒரு வகுப்பில் ஒரு பையன் குனிந்து, கண்ணை டம்ளர் மட்டத்துக்கு இறக்கி, குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி ஊற்றினான். உருளையில் கவிழ்த்துப் பார்த்தால் 55 மில்லி. "டம்ளர் பெருசு சார்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. டியூக் பல்கலைக்கழகத்தில் ஏரன் வைட் குழுவினர் 2003-இல் இதையே முறையாகச் செய்து பார்த்தார்கள். ஒரு டிரிங்க் ஊற்றச் சொன்னால் மாணவர்கள் அதைவிட அதிகமாகத்தான் ஊற்றினார்கள். டம்ளர் பெரிதாகப் பெரிதாக அளவும் எகிறியது. "நான் ரெண்டே பெக்தான் அடிச்சேன்" என்று சொல்கிறவன் பொய் சொல்வதில்லை, அவன் எண்ணியது டம்ளரை.

அப்படியே கரும்பலகையில் ஒரு கணக்கு. மில்லியை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.8-ஆல் பெருக்கினால் சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்று கிடைத்துவிடும். 40 சதவீதச் சரக்கு 60 மில்லி என்றால் 19 கிராம். 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் 13 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் அரை லிட்டர் என்றால் 32 கிராம். இந்தக் கடைசி எண்ணை எழுதும்போது கூட்டத்தில் ஒரு சலசலப்பு கேட்கும். "பீர்தானே!" என்று தைரியமாகக் குடித்தவர்கள் அவர்கள். 'ஒரு டிரிங்க்' என்ற அளவே நாட்டுக்கு நாடு வேறு என்பதையும் சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம், ஆஸ்திரேலியாவில் 10, அமெரிக்காவில் 14. இணையத்தில் படிக்கிற எண் எந்த நாட்டுக் கணக்கு என்று பார்க்காவிட்டால் குழப்பம்தான்.

அடுத்து நேரம். கல்லீரல் அவசரப்படாது. ஸ்வீடன் நாட்டு எரிக் விட்மார்க் 1930-களிலேயே இதைக் கணக்கிட்டு வைத்துவிட்டார். 100 மில்லி ரத்தத்தில் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் ஆல்கஹால்தான் குறையும். சராசரி உடம்புக்கு மணிக்கு 7, 8 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அறுபது மில்லியாக நாலு தடவை போனால் 76 கிராம். இரவு 9 மணிக்குத் தொடங்கினவனின் ரத்தம் சுத்தமாகக் காலை ஏழு மணியாவது ஆகும். எட்டு மணி வகுப்புக்கு ஏழு மணிக்கு வண்டியை எடுக்கிறவனுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். காபி, குளியல், வாந்தி எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. காபி தூக்கத்தைக் கலைக்கும். போதையில் இருந்தவன் போதையோடு விழித்திருப்பான், அவ்வளவுதான். எனர்ஜி டிரிங்க்கோடு கலந்து குடிப்பது இதைவிட மோசம். களைப்பு தெரியாததால் இன்னும் ரெண்டு ரவுண்டு போகும். அமெரிக்காவில் காஃபீன் கலந்த மதுவகைகளை விற்ற நான்கு நிறுவனங்களுக்கு 2010-இல் அரசே எச்சரிக்கை அனுப்ப வேண்டிவந்தது இதனால்தான்.

ஒரே அளவு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறாது என்பதையும் இங்கேயே சொல்லுங்கள். பெண்களின் உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு. அதனால் அதே எடையுள்ள ஆணும் பெண்ணும் சமமாகக் குடித்தால் பெண்ணின் ரத்தத்தில்தான் ஆல்கஹால் அதிகம் இருக்கும். பையன்களுக்குச் சமமாக ரவுண்டு கட்டுவது பெண்ணுக்கு வீரம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, உடம்பின் கணக்கு அது. வெறும் வயிறு என்றால் இன்னும் சீக்கிரம் ஏறும்.

'கெப்பாசிட்டி' என்றொரு வார்த்தை ஹாஸ்டலில் மரியாதையோடு புழங்கும். "அவன் எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்." இதை நான் எங்கே பேசினாலும் விடுவதில்லை. போதை மெதுவாகத் தெரிவது உடம்பின் பலமல்ல, உடம்பின் எச்சரிக்கை மணி சத்தமில்லாமல் அடிக்கிறது என்று பொருள். அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷுக்கிட் இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து ஒன்றைக் கண்டார்: 20 வயதில் யாருக்குக் குறைவாக ஏறியதோ, அவர்களுக்குத்தான் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு அதிகம். ஸ்டெடியாக நிற்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட எதுவும் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் யாராவது ஒருவர் முகம் மாறும். பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பிளாக் அவுட்டையும் சேர்த்துச் சொல்லலாம். மயங்கி விழுவது வேறு, இது வேறு. ஆள் நடப்பான், பேசுவான், பாட்டுகூடப் பாடுவான். ஆனால் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி நினைவைப் பதிவு செய்வதை நிறுத்தியிருக்கும். வேகமாகக் குடித்தால்தான் இது அதிகம் வரும். மறுநாள் 'மறந்துவிட்டேன்' என்பான். மறப்பதற்கு அங்கே எதுவும் பதிவாகவே இல்லை. இந்த இடத்தில் சம்மதம் பற்றி ஒரு வார்த்தை: தள்ளாடுகிறவர் சொல்கிற 'சரி', சரி ஆகாது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள்.

"எல்லாரும் குடிக்கிறாங்க சார்" என்பதற்கு வருவோம். 1986-இல் வெஸ்லி பெர்கின்ஸ், ஆலன் பெர்கோவிட்ஸ் என்ற இருவர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் எடுத்த கணக்கில், மாணவர்கள் மற்ற மாணவர்களை உண்மையைவிடப் பெரிய குடிகாரர்களாக நினைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. காரணம் எளிது. வராந்தாவில் கத்துகிறவன் எல்லோர் கண்ணிலும் படுவான். அறைக்குள் படுத்துத் தூங்குகிற முப்பது பேரை யார் பார்த்தார்கள்? முதல் வருடத்துப் பையன் இந்தக் கற்பனை 'எல்லாரும்' கூடச் சேரத்தான் குடிக்கத் தொடங்குகிறான். இதை வைத்து நடந்த பிரச்சாரங்கள் எல்லா இடத்திலும் பலித்துவிடவில்லை, பலன் சில இடங்களில் தெரிந்தது, சில இடங்களில் இல்லை. என் அனுபவத்தில் வேறு ஊரின் எண்ணைக் கொண்டுவந்து ஒட்டினால் யாரும் நம்புவதில்லை. பெயர் இல்லாத ஒரு சீட்டில் இரண்டே கேள்வி கேளுங்கள்: போன மாதம் எத்தனை நாள் குடித்தாய்? உன் வகுப்பில் மற்றவர்கள் எத்தனை நாள் குடித்திருப்பார்கள்? இரண்டு சராசரியையும் அடுத்த வாரம் அவர்கள் முன்னாலேயே எழுதிப் போடுங்கள். விளக்கம் தேவைப்படாது. ஒருவேளை இரண்டும் ஒன்றாக வந்தால் அதையும் மறைக்காமல் போடுங்கள்.

இதையெல்லாம் முதல் வருட மாணவர்களுக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே நடத்துங்கள். புது இடம், புது நண்பர்கள், வீட்டுக் கண் இல்லாத சுதந்திரம் எல்லாம் சேர்கிற அந்த முதல் ஆறு வாரம்தான் ஆபத்தானது. ஆண்டு முடிவில் நடத்தினால் வெள்ளம் போன பிறகு அணை கட்டின கதைதான்.

குடிப்பது என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். எவ்வளவு என்பதை முதல் வாய்க்கு முன்னாலேயே முடிவு செய், மூன்றாவது ரவுண்டுக்குப் பிறகு யாருக்கும் கணக்கு வராது. சாப்பிட்டுவிட்டுப் போ. உன் டம்ளரில் நீயே அளந்து ஊற்று. பாதி இருக்கும்போது மறுபடி நிரப்ப விடாதே, அங்கேதான் எண்ணிக்கை தொலைகிறது. நடுநடுவே தண்ணீர். தூக்க மாத்திரையோ, தூக்கம் வரவைக்கிற சளி மாத்திரையோ போட்டிருந்தால் அன்றைக்கு வேண்டாம். திரும்பிப் போக வண்டி யார் ஓட்டுவது என்பதை முன்கூட்டியே பேசு, அந்த ஆள் அன்று ஒரு சொட்டும் தொடக்கூடாது. லேபிள் இல்லாத, எங்கிருந்து வந்தது என்று தெரியாத எதையும் வாயில் வைக்காதே. மெத்தனால் கலந்திருந்தால் வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. உடம்பில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். மறுநாள் கண் மங்கினால் ஹேங்கோவர் என்று படுத்துக்கிடக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வேண்டாம் என்று சொல்பவருக்கும் கொஞ்சம் ஒத்திகை தேவை. காரணம் சொல்லத் தொடங்கினால் எதிராளி அந்தக் காரணத்தை உடைக்கப் பார்ப்பான். "மாத்திரை சாப்பிடறேன்" என்றால் "ஒண்ணுதானே" என்பான். "வேணாம்டா, எனக்கு இதே போதும்" என்று கையில் இருக்கிற ஜூஸைக் காட்டி வேறு பேச்சுக்குப் போய்விடுவது நல்லது. விருந்து நடத்துகிறவர்களிடமும் சொல்லுங்கள், குடிக்காதவர்களுக்கான பானம் மூலையில் சூடேறிக் கிடக்காமல் அதே மேசையில் குளிர்ச்சியாக இருக்கட்டும்.

இப்போது, ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் சொல்லிக்கொடுப்பது.

ஒருவன் மட்டையாகிவிட்டான். நண்பர்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கட்டிலில் மல்லாக்கப் போடுகிறார்கள். குறட்டை விடுகிறான். "தூங்கட்டும் விடு, காலைல சரியாயிடும்." விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்கள். எனக்குத் தெரிந்து ஹாஸ்டல்களில் ஆக ஆபத்தான வாக்கியம் அதுதான். கடைசி டம்ளர் இன்னும் வயிற்றில் இருக்கிறது, தூங்கிய பிறகும் அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். அளவு கூடக் கூட, தொண்டையில் எதுவும் சிக்கினால் இருமி வெளியே தள்ளுகிற அனிச்சைச் செயல் மங்கிவிடும். மல்லாக்கப் படுத்த நிலையில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆள் சத்தமில்லாமல் போய்விடுவான்.

அதனால் மேடையில் ஒரு மாணவனைப் படுக்க வைத்துச் செய்து காட்டுங்கள். அவன் பக்கத்தில் மண்டியிடு. உன் பக்கம் இருக்கிற கையை மேல்நோக்கி விரித்து வை. மறுபக்கத்துக் கையை எடுத்து, புறங்கை கன்னத்தில் படும்படி வை. மறுபக்கத்து முழங்காலை மடக்கிப் பிடித்து, உன்னை நோக்கி உருட்டு. ஒருக்களித்துப் படுத்துவிடுவான். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய், வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். திரும்பி மல்லாந்துவிடாமல் முதுகுப் பக்கம் ஒரு புத்தகப்பையை அண்டக் கொடு. பிறகு ஜோடி ஜோடியாக எல்லோரும் செய்து பார்க்கட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும், கை பழகிவிடும்.

எப்போது ஆம்புலன்ஸ் என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். உலுக்கினாலும் கிள்ளினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவில் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடோ நகமோ நீலம் பாய்ந்திருக்கிறது, தோல் சில்லென்று இருக்கிறது, வலிப்பு வருகிறது, நினைவில்லாமலே வாந்தி எடுக்கிறான். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும், எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டுவது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, வாயில் காபியை ஊற்றுவது, மூன்றும் உயிருக்கு உலை.

சொல்லிக்கொடுத்துவிட்டோம். போன் செய்வார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் வார்டன் வருவார், வார்டன் வந்தால் வீட்டுக்குத் தகவல் போகும், சஸ்பென்ஷன் வரும். நண்பனின் உயிர் ஒரு தட்டிலும் இது மறு தட்டிலுமாக 11 மணிக்கு அந்தப் பையன் தவிப்பான், "இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல் ஒரு விதி கொண்டுவந்தது: உதவி கேட்டு அழைத்தவர்மீதும், யாருக்காக அழைத்தார்களோ அவர்மீதும் குடித்ததற்காக ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. அழைப்புகள் கூடின. இப்போது பல கல்லூரிகளில் இப்படி ஒரு விதி இருக்கிறது. உங்கள் முதல்வரிடம் முதலில் வாங்க வேண்டிய கையெழுத்து இதற்குத்தான். வாய்மொழி உறுதி வேண்டாம். எழுத்தில், ஹாஸ்டல் அறிவிப்புப் பலகையில், வார்டனின் கையெழுத்தோடு. "கட்டுப்பாடு போய்விடும்" என்பார்கள். நடவடிக்கைக்குப் பதில் ஆலோசகரைச் சந்திப்பது கட்டாயம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். என்ன சொல்லியும் விதி கிடைக்கவில்லையென்றால், கிடைக்கும்வரை கூட்டத்தையே தள்ளிப்போடுவேன் நான்.

கூட்டம் முடிந்த பிறகு இரண்டு மூன்று பேர் தயங்கித் தயங்கி நிற்பார்கள். அவர்களுக்கு அரங்கப் பேச்சு போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விப் பட்டியல் இருக்கிறது, மொத்த மதிப்பெண் 40. எட்டும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய குடி என்று பொருள். அதை நிரப்பச் சொல்லி ஆலோசகரிடம் அனுப்புங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் குழுவினர் மாணவர்களுக்காகவே ஒரு முறையை உருவாக்கினார்கள். இரண்டே அமர்வு. மாணவன் தன் குடியைத் தானே குறித்துக்கொண்டு வருவான், ஆலோசகர் அந்த எண்களை அவன் முன்னால் வைத்து, "இதைப் பார்த்தால் உனக்கு என்ன தோணுது?" என்று கேட்பார். அறிவுரை குறைவு, கேள்வி அதிகம். உபதேசத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இதே மார்லட் 1973-இல் செய்த ஒரு சோதனையை மாணவர்களுக்குச் சொன்னால் ரசிப்பார்கள். சிலருக்கு வோட்கா கலந்த டானிக் (மருந்து டானிக் அல்ல, கசப்பான ஒரு சோடா), சிலருக்கு வெறும் டானிக். உள்ளே என்ன இருந்தது என்பதைவிட, வோட்கா இருக்கிறது என்று யார் நம்பினார்களோ அவர்கள்தான் அதிகம் குடித்தார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத, ஆனால் நிச்சயம் உங்களைக் கேட்கப்போகிற ஒன்று. பின்வரிசையிலிருந்து யாராவது எழுந்து, "நீங்க குடிப்பீங்களா?" என்பார்கள். கூட்டம் ஹோவென்று சிரிக்கும். மழுப்பினால் அதுவரை பேசியதெல்லாம் வீண், பொய் சொன்னால் அதைவிட மோசம். ஒரே வரியில் உண்மையைச் சொல்லிவிட்டு அந்தப் பையனிடமே திருப்பிக் கேளுங்கள்: "நான் இதற்கு நேர்மாறாகப் பதில் சொல்லியிருந்தால் நீ என்ன நினைத்திருப்பாய்?" நான் கேட்டபோது அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து அவனுக்குப் பதிலாகப் பேச ஆரம்பித்தாள். அன்று கூட்டம் முடிய முக்கால் மணி நேரம் தாமதமானது.